ஆறாம் துண்டில் பச்சைக் கொப்பு

“ஏனுங்க, லைன்ல இருந்து வந்த புள்ளைங்க. நடக்கச் சொன்னா நடக்கும். ரிப்போர்ட்டெல்லாம் எழுதுமாங்க?”

நேர்காணலின்போது என்னை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே பாதைக் குழுவின் தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது இது. குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. வெலிங்டனில் அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டு நாயையே “வாங்க, சாப்பிடுங்க” என்று கூப்பிடுகிறவர். மனசில் விஷம் வைத்துக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குச் சந்தேகம்.

எங்கள் குடும்பத்தில் கட்டைவிரலை மையில் தோய்க்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். ஊட்டியில் பி.ஏ. புவியியல் படித்தேன். அந்த வாரமே அவருக்கு நான்கு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். வேலை கிடைத்தது.

வேலை என்னவென்று எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லைனில் யாருக்கும் விளங்கவில்லை. காந்தலில் தொடங்கி மலையைச் சுற்றி இறங்கிப் பர்லியாரில் முடியும் நடைபாதை அது. மெதுவாக நடந்தால் ஐந்து நாள் ஆகும். புதிதாக யாரும் வெட்டியதில்லை. ஹட்டி எனப்படும் படகர் ஊர்களுக்கு நடுவே போகும் ஒற்றையடிகள், எஸ்டேட் ரோடுகள், வனத்துறை அனுமதிக்கும் சில வழிகள் எல்லாவற்றையும் மஞ்சள் அம்புக்குறியால் கோத்து ஒன்றாக்கியிருந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு துண்டு. ஒவ்வொரு துண்டையும் ஒரு குழு பார்த்துக்கொள்ளும்: வாரம் ஒரு முறை நடக்க வேண்டும், புதர் வெட்ட வேண்டும், தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும், எங்களுக்கு எழுதி அனுப்ப வேண்டும். பாதையில் ஒரு முழம் மண்கூட எங்களுக்குச் சொந்தமில்லை. ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு நிலத்துக்காரரும் அனுமதிக் கடிதம் தர வேண்டும். நடுவில் ஒருவர் மறுத்தால் பாதை இரண்டாகிவிடும். அந்தக் கடிதங்களை வாங்குவது, அறிக்கைகளைச் சேர்ப்பது, மழைக்குப் பிறகு ஒவ்வொரு துண்டும் நடக்கத் தகுதியானது என்று சான்று எழுதுவது, இவ்வளவும் என் வேலை.

நான் சேர்ந்தபோது அறிக்கை என்று வந்தவையெல்லாம் வாட்ஸ்அப்பில் “எல்லாம் ஓகே மேடம்”, ஒரு கட்டைவிரல் படம், அவ்வளவுதான். முதல் மழைக்காலம் முடிவதற்குள் நான் ஒரு படிவம் தயாரித்தேன். ஒரே பக்கம், பதினான்கு கேள்வி. ஒன்பதாவது கேள்வி: பாதையில் தடை இருந்ததா? அகற்றப்பட்டதா? அடியில் என் கையெழுத்தும் பதவியும் அச்சாகியிருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் தலைவர் அந்தப் படிவத்தை எடுத்துக் காட்டுவார். “நம்ம புள்ளைதாங்க பண்ணுச்சு” என்பார். அதை முதன்முதலாகக் கேட்ட அன்று வெலிங்டனில் இருந்து குன்னூர் வரைக்கும் பஸ் ஏறாமல் நடந்தே வந்தேன். கால் வலி தெரியவில்லை.

விதிமுறைகளையும் நான்தான் எழுதினேன். ஒரு துண்டை மூடும் அதிகாரம் தலைவர் கூட்டும் பாதைக் குழுவின் கூட்டத்துக்கு மட்டுமே உண்டு என்று ஒரு விதி வைத்தேன். யாரோ ஒருவர் பாம்பைப் பார்த்துப் பயந்து பாதையை மூடிவிடக் கூடாதே என்பதற்காக எழுதியது. ஒருங்கிணைப்பாளர் என்ற சொல் அந்த விதியில் இல்லை. அதாவது நான் இல்லை.

ஆறாம் துண்டு ஓர் எஸ்டேட்டின் நடுவே போகிறது. அதன் பொறுப்பு கோயம்புத்தூரிலிருந்து வரும் ஒரு நடைக்குழுவுக்கு. கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர்கள், சனிக்கிழமை தவறாமல் வருவார்கள், வேலையில் சுத்தம். அவர்கள் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. கோடையில் நான் கொடுத்த பராமரிப்புக் கையேட்டைப் பார்த்து ஐந்து வடிகால் வெட்டினார்கள். பாதையை அறுத்துக்கொண்டு ஒரு பழைய கான் போயிருந்தது. எஸ்டேட்டில் வாய்க்காலைக் கான் என்போம். நடக்கிறவர்கள் கால் தவறி விழுவார்கள் என்று அதை மண் போட்டு மூடினார்கள். இரண்டுக்கும் படம் அனுப்பி என் ஒப்புதல் கேட்டார்கள். நான் மேசையில் உட்கார்ந்தபடி ஒப்புதல் கொடுத்தேன்.

அவர்களிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. அந்தத் துண்டின் பெரிய வளைவுக்கு நேர்கீழே ஏழு வீட்டு லைன் ஒன்று இருக்கிறது. அதில் கடைசி வீட்டில்தான் நான் பிறந்தேன். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அப்பா போன பிறகு தனியாக. நான் குன்னூரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். மாதம் ஒரு முறை பஸ்ஸில் போய், ரோட்டுப் பக்கமாக இறங்கி, சாயந்தரமே திரும்பிவிடுவேன். மேலே பாதைப் பக்கம் ஏறிப் பார்க்க நேரம் இருக்காது. இல்லை, ஏறிப் பார்க்கத் தோன்றவில்லை. இந்த மழை தொடங்கியபின் வீட்டுக்கும் போகவில்லை.

ஜூலையில் ஒரு நாள் அம்மா போனில் சொன்னாள்: “கதவு சாத்த மாட்டேங்குது.”

“மழைக்கு மரம் ஊதியிருக்கும்மா. வெயில் அடிச்சா சரியாயிரும்.”

ஆகஸ்டில், “தாப்பா எட்டல” என்றாள். எஸ்டேட் ஆசாரியைக் கூப்பிடு என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

செப்டம்பர் கடைசியில் சான்று எழுத உட்கார்ந்தேன். பத்து நாள் கழித்து, அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை, இந்தப் பருவத்தின் தொடக்க நடை என்று தலைவர் தேதி குறித்துவிட்டார். ஜூனிலிருந்து வந்த படிவங்களைத் துண்டு வாரியாகக் கட்டி வைத்திருந்தேன். ஆறாம் துண்டின் கட்டை எடுத்தபோது மற்றவர்களுக்குக் காட்ட வேண்டிய மாதிரி இதுதான் என்று நினைத்தேன். ஒன்பதாவது கேள்வி: ஆம். கிளை விழுந்திருந்தது. அகற்றப்பட்டது. அடுத்த சனிக்கிழமை: ஆம். கிளை விழுந்திருந்தது. அகற்றப்பட்டது. அதற்கடுத்ததும் அதுவே. ஜூலை நடுவிலிருந்து ஒரு வாரம் விடாமல் அதே பதில். இடம் என்ற கட்டத்திலும் அதே பதில்: பெரிய வளைவு.

பெரிய வளைவில் மரம் கிடையாது. அங்கிருந்த சில்வர் ஓக் மரங்களை இரண்டு வருஷத்துக்கு முன்பே வெட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள். மேலேயும் கீழேயும் இடுப்பளவு தேயிலைதான்.

கணினியில் படங்களைத் திறந்தேன். பாதைக்குக் குறுக்கே ஒரு கிளை. அடுத்த வாரம் வேறொரு கிளை. எல்லாவற்றிலும் இலை பச்சையாக இருந்தது. ஒரு படத்தைப் பெரிதாக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். காற்றில் முறிந்த கிளையின் நுனி நார் நாராக இருக்கும். இது ஒரே வீச்சில் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. கவ்வாத்துக் கத்தி அப்படித்தான் வெட்டும்.

எஸ்டேட்டில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. காலையில் முதலில் போகிறவள் தேயிலைக்குள் காட்டெருமையோ கரடியோ நிற்பதைப் பார்த்தால், ஒரு பச்சைக் கொப்பை வெட்டிப் பாதைக்குக் குறுக்கே போட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். பின்னால் வருகிறவர்கள் அதைத் தாண்ட மாட்டார்கள். இலை வாடியிருந்தால் பழையது, பச்சையாக இருந்தால் இன்றைக்குப் போட்டது. ஆபத்து நீங்கியபின் போட்டவளே வந்து எடுப்பாள். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. ஐந்து வயதில் ஒரு முறை விளையாட்டாக ஒரு கொப்பை இழுத்துப் போட்டதற்கு அம்மா என் முதுகில் அடித்த அடி இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் கரடி ஒரே இடத்தில் மூன்று மாதம் நிற்காது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. முதல் பஸ்ஸில் போய் எஸ்டேட்டின் மேல் கேட்டில் இறங்கி, ஆறாம் துண்டில் தனியாக நடந்தேன். மழை இல்லை. அம்புக்குறிகள் பளிச்சென்று இருந்தன. ஐந்து வடிகாலும் கையேட்டில் இருக்கும் படம் போலவே இருந்தன. ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் இரவு மழையின் தண்ணீர் மெல்லத் தேயிலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்று பார்த்தேன். கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு காணவில்லை. ஓடி மறையவில்லை, மண் குடித்துவிட்டிருந்தது.

வளைவில் கொப்பு கிடந்தது. இலைமேல் பனித்துளி. அதன் முன்னால் என் கால் தானாக நின்றது.

தாண்டாமல் எட்டிப் பார்த்தேன். பாதைக்குக் குறுக்கே தையல் பிரிந்தது போல ஒரு கோடு. பாதையில் அது விரல் நுழையும் அளவுதான். கல்லும் மண்ணும் போட்டு யாரோ ஒழுங்காக அடைத்திருந்தார்கள். படிவத்தில் பதினோராவது கேள்வி அது: மேற்பரப்பில் வெடிப்பு உண்டா? நிரப்பப்பட்டதா? பக்கவாட்டில் தேயிலைக்குள் அந்தக் கோட்டைத் தொடர்ந்தேன். அங்கே யாரும் நிரப்பவில்லை. கையிலிருந்த குடையை அதற்குள் விட்டேன். கைப்பிடி வரை இறங்கியது. இன்னும் தள்ளியிருந்தால் இன்னும் போயிருக்கும். கோட்டுக்குக் கீழே இருந்த தேயிலை வரிசை முழுவதும் மலைப் பக்கமாகப் பின்னால் சாய்ந்திருந்தது. உட்கார்ந்தபடி தூங்குகிறவர் தலை சாய்வது போல.

இன்னொன்றும் சரியில்லை என்று தோன்றியது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சத்தம். வளைவுக்குக் கீழே ஓர் ஊற்று உண்டு. நான் பிறந்ததிலிருந்து அந்த இடத்தில் நின்றால் அதன் சத்தம் கேட்கும். இப்போது கேட்கவில்லை.

எஸ்டேட் ரோட்டைச் சுற்றிக் கீழே இறங்கினேன். பத்து மணி டீக்குப் பெண்கள் கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் இருந்தாள்.

“ஆபீசரம்மா வந்திருக்காங்கடி, இடுப்புப் படுதாவ சரியா கட்டுங்க” என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

“பை நிறைய பேப்பரு. இப்ப நம்மள கேள்வி கேட்டு டிக் அடிப்பா பாரு” என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் செருப்பில் ஒட்டியிருந்த சிவப்பு மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேல கொப்பு யாருக்கா போடறது?”

சிரிப்பு நின்றது. “மொற வெச்சுப் போடறோம்” என்றாள் அக்கா. “காலைல பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போறதுக்கு முன்னால ஒருத்தி ஏறிப் போட்டுட்டு வந்துருவோம். இன்னிக்கு உங்கம்மா மொற.”

“எப்ப இருந்து?”

“ஆனி கடைசில ஊத்து கலங்குனதுல இருந்து. ஆடில நின்னே போச்சு. அப்புறம் மேல அந்த வாயி தொறந்திச்சு. மொதல்ல நூலாட்டம் இருந்திச்சு.”

“எஸ்டேட்ல சொல்லலையா?”

“சூப்பர்வைசர்கிட்ட சொன்னோமே. பாதை ஆபீசு பாத்துக்கும், கான் மூடுனது அவங்கதானேன்னுட்டாரு.”

பாதை ஆபீசு என்றால் நான்தான். அதை அவள் குத்திச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. அம்மாவிடம் திரும்பினேன். “என்கிட்ட ஏம்மா சொல்லல? வாரா வாரம் போன்ல பேசறேன்ல?”

அம்மா டம்ளரில் மிச்சமிருந்த டீயைப் புல்லில் ஊற்றினாள். “ஒரு சனிக்கிழம நான் மேல இருக்கையில அவங்க வந்து கொப்ப எடுத்து எறிஞ்சாங்க. போட்ட கொப்ப எடுக்கக் கூடாது சாமி, நெலம் சரியில்லன்னு சொன்னேன். நல்ல புள்ளைங்கதான். இல்லம்மா, தடை இருந்தா எடுக்கணும்னு ஆபீசுல எழுதியிருக்குன்னு காயிதத்தக் காட்டுனாங்க.” டம்ளரைக் கூடைக்குள் வைத்தாள். “எனக்குப் படிக்கத் தெரியாது. ஒன் கையெழுத்து தெரியும். அடியில இருந்திச்சு.”

பையிலிருந்து எட்டிப் பார்த்த படிவங்களை உள்ளே தள்ளினேன்.

“படிச்சவ, தெரிஞ்சுதான் எழுதியிருப்பேன்னு இருந்தோம்.”

“அப்புறம் எதுக்கும்மா தினமும் போட்டீங்க?”

“போடாம இருக்க மனசு கேக்கல” என்றாள். பிறகு, ஏதோ கடைப் பாக்கி போலச் சாதாரணமாக, “கதவு சாத்தலேன்னு சொன்னேனே” என்றாள்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். இலங்கையிலிருந்து சிறுமியாக வந்த அம்மா இன்றும் லைனை லயம் என்றுதான் சொல்வாள். அந்த லயத்தின் ஏழு வாசலும் நேர்க்கோட்டில் இருக்கும் என்பதில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. இப்போது கடைசி மூன்றும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தன. எங்கள் வீட்டு நிலை ஒரு பக்கமாகச் சரிந்து, கதவின் மேல்மூலையில் முக்கோணமாக வெளிச்சம் வந்தது. பின்சுவரில் கை வைத்தேன். ஈரம். சுவருக்குப் பின்னால் மலைதான். எனக்கு மூன்று வருஷம் கற்றுக்கொடுத்த பாடத்தில் இதெல்லாம் இருந்தது: பழைய கானை மூடினால் தண்ணீர் ஓடைக்குப் போகாது, சரிவில் வடிகால் விட்டால் மண்ணுக்குள் இறங்கும், ஊற்று நின்றால் உள்ளே வேறு வழி பிடித்திருக்கும். தேர்வில் முழு மார்க் வாங்கியிருக்கிறேன். மரம் ஊதியிருக்கும் என்று சொன்னவளும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் கனமழை என்று போனில் அறிவிப்பு வந்திருந்தது. வாசலில் நின்றே தலைவருக்குப் பேசினேன். முழுவதையும் கேட்டார்.

“ஏம்மா, ஊத்து நிக்கறது எல்லா வருசமும் நிக்கறதுதான். ஆறாம் துண்ட மூடுனா எஸ்டேட்காரங்க அடுத்த வருசம் லெட்டர் குடுப்பாங்களா? நம்மளாலதான் ஆச்சுன்னு எழுதிக் குடுத்தா கேக்கவே வேணாம். பாதையே ரெண்டாப் போயிருமுங்க. விதி நீ எழுதுனதுதானே? திங்கக்கிழம குழு கூடட்டும்.”

“அதுக்குள்ள மழை வந்துருங்க சார்.”

“வந்தா பாத்துக்கலாம்” என்றார். அவர் குரலிலும் பயம் இருந்தது. அவர் பயந்தது பாதைக்காக. பன்னிரண்டு துண்டையும் சேர்க்க அவர் எத்தனை வருஷம் எத்தனை பங்களா வாசலில் நின்றார் என்று எனக்குத் தெரியும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானும் லைன் பெண்களுமாக ஆறு பேர் மண்வெட்டியோடு ஏறினோம். அம்மாதான் இடம் காட்டினாள். கொப்பைத் தாண்டாமல், மேல்பக்கமாகவே நின்று பழைய கானைத் தோண்டித் திறந்தோம். ஐந்து வடிகாலின் வாயையும் புல்பத்தை வெட்டி அடைத்தோம். கடைசி மண்ணை இழுத்ததும் தேங்கியிருந்த தண்ணீர் கொஞ்சம் யோசித்தது போல நின்று, பிறகு கான் வழியே ஓடைப் பக்கம் திரும்பியது. யாரும் சந்தோஷப்படவில்லை. மூன்று மாதத் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே இருந்தது.

எழுதப் பையில் படிவங்கள்தான் இருந்தன. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன். ஆறாம் துண்டு இன்றிலிருந்து மூடப்படுகிறது. வளைவுக்குக் கீழே ஏழு குடும்பங்கள் உடனே வெளியேற்றப்பட வேண்டும். காரணம், பாதைக்காக மூடப்பட்ட கானும் வெட்டப்பட்ட வடிகால்களும். ‘எங்களால்’ என்று எழுதியதை அடித்துவிட்டு, ‘என் ஒப்புதலின் பேரில்’ என்று திருத்தினேன். விரிசலின் நீளம், திசை, ஊற்று நின்ற மாதம், கதவுச் சட்டம் சரிந்த அளவு எல்லாம் இருந்தது. நான் எழுதியதிலேயே நல்ல அறிக்கை அது.

சனிக்கிழமை காலையில் விடிந்ததும் வளைவுக்கு ஏறினேன். அன்றைக்கு முறை பக்கத்து வீட்டு அக்காவுடையது. அவளிடம் கேட்டு நான் வாங்கிக்கொண்டேன். அம்மாவின் கத்தியால் வெட்டினேன். என் வெட்டு அவ்வளவு சுத்தமாக இல்லை. கொப்பைக் குறுக்கே போட்டுவிட்டு மேல்பக்கமாகப் பத்தடி தள்ளி நின்றேன், கோயம்புத்தூர்க்காரர்கள் வரும் நேரம் என்பதால். கீழே லயத்திலிருந்து பெண்கள் பாயும் பாத்திரமும் தூக்கிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வேலை நேரத்தில் எஸ்டேட் குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம் அது. எதிர்ப்புறம் பாறைமேல் இருக்கிறது. முந்தின நாள் இருட்டும் நேரத்தில் கிராம நிர்வாக அலுவலர் நேரில் வந்து பார்த்து, எல்லோரையும் அங்கே போகச் சொல்லியிருந்தார். ஆறு வீட்டுக் கதவுகள் சாத்திப் பூட்டியிருந்தன. ஏழாவது திறந்தே கிடந்தது. அம்மா மூன்றாம் முறையாக அதற்குள் நுழைவது தெரிந்தது. என்ன மறந்தாளோ. வெளியே வரும்வரை அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பர்லியார்ப் பக்கத்திலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் முன்னதாகவே.

அப்போதுதான் தலைவர் கூப்பிட்டார். “ஏம்மா, ராத்திரி பூரா யோசிச்சேன். பேசறது பேசலாம். ஆனா யாருக்கும் எதையும் எழுத்துல மட்டும் குடுத்துராதே. திங்கக்கிழம வரைக்கும் பொறு. என்ன?”

மேலே வளைவுக்கு அப்பால் சனிக்கிழமைக் குழுவின் பேச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. அம்மா ஒரு தகரப்பெட்டியோடு வெளியே வந்தாள்.

“நேத்து சாயந்தரமே தாசில்தார் ஆபீசுலயும் எஸ்டேட்லயும் குடுத்துட்டேனுங்க, சார்” என்றேன். “பன்னெண்டு குழுவுக்கும் ராத்திரியே அனுப்பிட்டேன். ரெண்டு எடத்துலயும் முத்திரை வாங்கி வெச்சிருக்கேன்.”